எடித் அபொட்

எடித் அபொட் (செப்டம்பர் 26, 1876 – ஜூலை 28, 1957) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பொருளியல் அறிஞர், சமூகப்பணிக் கல்வியாளர், எழுத்தாளர் ஆவார். சமூகப்பணியைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்க வேண்டும் என வலியுறுத்தி, அதற்கான பாடத்திட்டத்தையும் நூல்களையும் ஆய்விதழையும் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1924 முதல் 1942 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூக சேவை நிருவாகப் பள்ளியின் தலைவராக இருந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் பள்ளிக்குத் தலைவரான முதல் பெண் இவரே. ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர் நலப் பணியகத்தை 1921 முதல் 1934 வரை தலைமையேற்று நடத்திய கிரேஸ் அபொட் இவருடைய தங்கை.

பிறப்பும் குடும்பமும்

எடித் அபொட் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள கிராண்ட் ஐலண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் புதிதாகக் குடியேறியோர் வாழ்ந்த புல்வெளிப் பிரதேசமாக இருந்தது. தந்தையார் ஒத்மன் அபொட் உள்நாட்டுப் போரில் பங்குபெற்ற வீரர், வழக்கறிஞர், நெப்ராஸ்கா மாநிலத்தின் முதலாவது துணை ஆளுநர். தாயார் எலிசபெத் கிரிஃபின் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தினர் அடிமைமுறை ஒழிப்பில் ஈடுபாடு கொண்டிருந்தனர். எலிசபெத் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தில் முனைப்புடன் செயற்பட்டார். அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான சூசன் பி. அந்தோனி இவர்களுடைய இல்லத்தில் விருந்தினராகத் தங்கியதுண்டு.

பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள். எடித்தைவிட இரண்டு வயது இளையவரான கிரேஸ் 1878-இல் பிறந்தார். சகோதரிகள் இருவரும் வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர். எடித் ஆய்வு செய்து எழுதுபவராகவும், கிரேஸ் அரசுத் துறையில் நின்று செயலாற்றுபவராகவும் அறியப்பட்டனர். தந்தையின் வழியே சட்டமும், தாயின் வழியே உரிமை இயக்கங்களும் இளமையிலேயே இவர்களுக்கு அறிமுகமாயின.

கல்வி

எடித் ஒமாகா நகரில் இருந்த பிரவுனல் ஹால் என்னும் பெண்கள் விடுதிப் பள்ளியில் பயின்று 1893-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் கடுமையான பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. நாடெங்கும் வங்கிகள் மூடப்பட்டன. நெப்ராஸ்காவில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. குடும்பத்தின் சேமிப்பு கரைந்ததால் எடித்தைக் கல்லூரிக்கு அனுப்ப இயலவில்லை. எனவே பதின்ம வயதிலேயே தம்முடைய ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே அஞ்சல்வழிப் பாடங்கள் மூலமும் கோடை விடுமுறை வகுப்புகள் மூலமும் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1901-இல் இளநிலைப் பட்டம் பெற்றார். பள்ளிப் படிப்பு முடிந்ததற்கும் இப்பட்டத்திற்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

பட்டம் பெற்ற பின்னரும் ஆசிரியராகவே பணியாற்றினார். 1902-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்பில் கலந்துகொண்டபோது அங்கிருந்த பொருளியல் பேராசிரியர்களின் கவனத்தைப் பெற்றார். 1903-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இவ்வுதவித்தொகையால் முழுநேர மாணவராகப் படிக்க முடிந்தது. 1850 முதல் 1900 வரை ஐக்கிய அமெரிக்காவில் பயிற்சி பெறாத தொழிலாளர்களுக்குக் கிடைத்த கூலியைப் பற்றி ஆராய்ந்து 1905-இல் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

சிகாகோவில் சொபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் என்பவரின் அறிமுகம் கிடைத்தது. பிரெக்கின்ரிட்ஜ் அதே பல்கலைக்கழகத்தில் 1901-இல் முனைவர் பட்டமும் 1904-இல் சட்டப் பட்டமும் பெற்றவர். எடித் இவருடைய வகுப்பில் மாணவியாக இருந்தார். பின்னாளில் இருவரும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடன்பணியாளர்களாகவும் நண்பர்களாகவும் விளங்கினர்.

இலண்டனில்

முனைவர் பட்டத்திற்குப் பின் எடித் பாஸ்டன் நகரில் பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பணியாற்றினார். கார்னகி நிறுவனத்திற்காகப் பெண் தொழிலாளர் வரலாற்றையும் ஆராய்ந்தார். 1906-இல் அந்நிறுவனத்தின் உதவித்தொகையுடன் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார்.

இலண்டனில் கழிந்த ஓராண்டு அவருடைய சிந்தனையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. சிட்னி வெப், பியட்ரிஸ் வெப் தம்பதியர் சமூக ஆய்வு முறைகளைப் பற்றி நடத்திய வகுப்புகளில் கலந்துகொண்டார். இங்கிலாந்தின் பழைய ஏழையர் சட்டத்தை ஆராய 1905-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில் பியட்ரிஸ் வெப் உறுப்பினராக இருந்த காலம் அது. உதவி கேட்டு வருபவரை இழிவுபடுத்தி அச்சுறுத்தும் முறை ஒழிய வேண்டும், வறுமைக்குரிய காரணங்களைக் களைவது அரசின் பொறுப்பு என்பது வெப் தம்பதியரின் நிலைப்பாடு. எடித் இந்நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டார். பாடம் கேட்டதோடு நில்லாமல், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் இயங்கிய சேவை இல்லம் ஒன்றில் தங்கி அம்மக்களின் வாழ்க்கையை நேரில் கண்டார்.

நாடு திரும்பியதும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் 1907 முதல் ஓராண்டு பொருளியல் கற்பித்தார். முனைவர் பட்டம் பெற்ற பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைகளில் இடம் கிடைப்பது அரிதாக இருந்த அக்காலத்தில் அது மதிப்புடைய பதவியாகும். ஆயினும் 1908-இல் பிரெக்கின்ரிட்ஜ் அழைத்தபோது அப்பதவியை விட்டுச் சிகாகோவுக்குச் சென்றார்.

ஹல் இல்லமும் தொடக்ககால ஆய்வுகளும்

சிகாகோவில் ஜேன் ஆடம்சும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் ஹல் இல்லத்தை நிறுவியிருந்தனர். படித்தவர்கள் ஏழைகளின் குடியிருப்புகளுக்கு நடுவே வந்து தங்கி, அவர்களுடன் அண்டை வீட்டாராகப் பழகி, அவர்களுடைய தேவைகளுக்காகச் செயற்படும் இடமாக அது இருந்தது. எடித், கிரேஸ் இருவரும் 1908 முதல் ஹல் இல்லத்தில் வசித்தனர். எடித் 1920 வரை அங்கிருந்தார்.

இக்காலத்தில் எடித் சிகாகோ குடிமையியல் மற்றும் அறப்பணிப் பள்ளியில் பணியாற்றினார். கிரகாம் டெய்லர் என்னும் சமயப் பணியாளர் தொடங்கிய இப்பள்ளி, அறநிலையங்களில் வேலை செய்வோருக்குப் பயிற்சி அளித்துவந்தது. அதன் ஆய்வுத் துறைக்கு ரசல் சேஜ் அறக்கட்டளை நிதி வழங்கியது. பிரெக்கின்ரிட்ஜ் அத்துறையின் இயக்குநராகவும் எடித் துணை இயக்குநராகவும் இருந்தனர். மாணவர்களை வீடு வீடாக அனுப்பித் தகவல் திரட்டுவது இவர்களுடைய ஆய்வு முறையாகும். ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர், அவ்வறைக்குச் சன்னல் உண்டா, கழிவறையை எத்தனை குடும்பங்கள் பகிர்கின்றன, வாடகை எவ்வளவு ஆகிய கேள்விகளுக்கு விடை கண்டு எண்களாகத் தொகுத்தனர்.

1910-இல் வெளிவந்த தொழில்துறையில் பெண்கள் என்னும் நூல் எடித்துக்கு ஆய்வாளர் என்னும் பெயரைப் பெற்றுத் தந்தது. பெண்கள் ஆலைகளில் வேலை செய்வது புதிய வழக்கம், ஆண்களின் வேலைகளைப் பெண்கள் பறித்துக்கொள்கின்றனர் என்னும் பரவலான எண்ணத்தை அந்நூல் மறுத்தது. அமெரிக்காவில் ஆலைத் தொழில் தோன்றிய நாள் முதலே பெண்கள் அதில் உழைத்து வந்ததை வரலாற்றுச் சான்றுகளுடன் காட்டியது.

அடுத்து, பிரெக்கின்ரிட்ஜுடன் இணைந்து எழுதிய குற்றமிழைத்த சிறுவரும் இல்லமும் என்னும் நூல் 1912-இல் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. அதன் முதல் பத்தாண்டு ஆவணங்களை ஆராய்ந்த இந்நூல், சிறுவரின் பிழைகளுக்குப் பின்னால் வறுமை, நெருக்கடியான வீடு, பெற்றோரின் இறப்பு அல்லது பிரிவு, புதிய நாட்டின் மொழியும் வழக்கமும் அறியாத குடியேறிய பெற்றோரின் தடுமாற்றம் ஆகியவை இருப்பதை எடுத்துக்காட்டியது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிய மற்றோர் ஆய்வு 1917-இல் நூலாக வெளிவந்தது.

சமூகப்பணி ஒரு தொழில்துறையா என்னும் விவாதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்காவில் ஏழைகளுக்கு உதவும் பணி பெரும்பாலும் அறநிலையங்களிடமும் தன்னார்வலர்களிடமும் இருந்தது. நியூயார்க் நகரில் 1898-இல் தொடங்கிய கோடைகாலப் பயிற்சி வகுப்பே இத்துறையின் முறையான கல்விக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன்பின் பல நகரங்களில் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. அவற்றின் பாடங்கள் பெரும்பாலும் அறநிலையங்களின் அன்றாட நடைமுறையைப் பழக்குவனவாக இருந்தன.

1915-இல் பால்டிமோர் நகரில் நடைபெற்ற தேசிய அறப்பணி மாநாட்டில், மருத்துவக் கல்விச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற ஆபிரகாம் பிளெக்ஸ்னர் உரையாற்றினார். சமூகப்பணிக்குத் தனக்கே உரிய அறிவுத்தொகுதி இல்லை, ஆகவே மருத்துவம், சட்டம் போன்ற தொழில்துறைகளுடன் அதனைச் சேர்க்க இயலாது என்பது அவருடைய முடிவு. இவ்வுரை சமூகப்பணியாளரிடையே பெரும் அதிர்வை உண்டாக்கியது.

இதற்கு இருவகையான மறுமொழிகள் எழுந்தன. ரசல் சேஜ் அறக்கட்டளையைச் சேர்ந்த மேரி ரிச்மண்ட் 1917-இல் சமூக நோயறிதல் என்னும் நூலை வெளியிட்டார். துன்பப்படும் தனியாளையும் குடும்பத்தையும் முறையாக ஆராய்ந்து உதவும் நுட்பமே சமூகப்பணியின் தனிச்சிறப்பு என்பது அவர் காட்டிய வழி. எடித் அபொட் வேறு வழியில் சிந்தித்தார். தனியாளுக்கு உதவும் நுட்பம் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கூலி, வேலையின்மை, வீட்டு வசதி, சட்டம், அரசு நிருவாகம் ஆகியவற்றை அறியாதவர் எவ்வளவு பரிவுடையவராயினும் அரைகுறை உதவியே செய்ய முடியும் எனக் கருதினார். பயிற்சி பெறாத மருத்துவர் நோயாளிக்குத் தீங்கு விளைவிப்பது போலவே, கல்லாத சமூகப்பணியாளரும் தம்மை நம்பி வரும் குடும்பங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை.

அதே 1915 மாநாட்டில் எடித் களப்பணியைப் பற்றிப் பேசினார். களப்பணி என்பது அலுவலகத்தின் அன்றாட வேலைக்கு மாணவர்களைக் கூலியில்லா ஆட்களாக அனுப்புவதாக இருத்தல் கூடாது, வகுப்பறைக் கல்வியுடன் இணைந்து ஆசிரியரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இன்று எம்.எஸ்.டபிள்யூ. எனப் பரவலாக அறியப்படும் முதுநிலைப் படிப்பில் களப்பணி கட்டாயப் பகுதியாக இருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

பல்கலைக்கழகத்துடன் இணைப்பு

தனித்து இயங்கிய சிகாகோ பள்ளி தொடர்ந்து நிதி நெருக்கடியில் இருந்தது. நன்கொடைகளை மட்டும் நம்பி இயங்கும் பள்ளி, நன்கொடையாளர்களின் விருப்பத்திற்குக் கட்டுப்பட நேரும் என எடித்தும் பிரெக்கின்ரிட்ஜும் அஞ்சினர். மேலும் சட்டம், பொருளியல், அரசியல், மருத்துவம் ஆகிய துறைகளின் பேராசிரியர்களும் நூலகமும் உள்ள இடத்திலேயே இப்படிப்பு நடைபெற வேண்டும் என விரும்பினர். நிறுவனரான கிரகாம் டெய்லர் பள்ளி தனித்தே இயங்குவதை விரும்பியபோதிலும், 1920-இல் அது சிகாகோ பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுச் சமூக சேவை நிருவாக முதுநிலைப் பள்ளி எனப் பெயர் பெற்றது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பகுதியாக அமைந்த முதல் சமூகப்பணி முதுநிலைப் பள்ளியாக இது கருதப்படுகிறது.

1924-இல் எடித் இப்பள்ளியின் தலைவரானார். பள்ளியின் பெயரில் நிருவாகம் என்னும் சொல் இடம்பெற்றதற்குப் பொருள் உண்டு. அறநிலையங்களுக்கு ஊழியர்களைத் தயாரிப்பதோடு நிறைவடையாமல், அரசின் பொதுநலத் துறைகளை வடிவமைத்து நடத்தக்கூடியவர்களை உருவாக்குவதே அவரது நோக்கமாக இருந்தது.

பாடத்திட்டம்

எடித் வகுத்த பாடத்திட்டம் பின்வரும் கூறுகளைக் கொண்டிருந்தது:

- தனியாள் சமூகப்பணி, குடும்ப நலம், சிறுவர் நலம்
- பொதுநலத் துறைகளின் அமைப்பும் நிருவாகமும்
- சமூகப்பணியாளர் அறியவேண்டிய சட்டங்களும் நீதிமன்ற நடைமுறையும்
- ஏழையர் சட்டங்களின் வரலாறு, தொழிலாளர் நிலை, குடியேற்றம்
- புள்ளியியலும் சமூக ஆய்வு முறைகளும்
- மேற்பார்வையுடன் கூடிய களப்பணி
- ஆய்வேடு

இத்துறைக்கு ஏற்ற பாடநூல்கள் அப்போது இல்லை. அக்குறையைப் போக்க, எடித்தும் பிரெக்கின்ரிட்ஜும் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக ஒரு நூல் வரிசையைத் தொடங்கினர். சட்டக் கல்லூரிகளில் உண்மையான வழக்குகளைக் கொண்டு பாடம் நடத்துவது போல, இந்நூல்களில் சட்டங்கள், அரசு அறிக்கைகள், குடும்பங்களைப் பற்றிய பணிக்குறிப்புகள் ஆகிய மூல ஆவணங்கள் தொகுக்கப்பட்டன. மாணவர் ஆவணத்தைப் படித்து, என்ன நடந்தது, எங்கே தவறு நேர்ந்தது, எந்தச் சட்டம் உதவியிருக்கும் எனத் தாமே ஆராய வேண்டும். குடியேற்றத்தைப் பற்றி எடித் தொகுத்து 1924-இல் வெளியிட்ட நூல் இம்முறைக்கு எடுத்துக்காட்டாகும்.

1927-இல் இருவரும் சமூக சேவை ஆய்விதழைத் தொடங்கினர. இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் காலாண்டிதழாக அது வளர்ந்தது. 1932-இல் உளவியல் அடிப்படையிலான தனியாள் சமூகப்பணியில் தேர்ந்த சார்லட் டவுல் பள்ளியின் ஆசிரியராகச் சேர்ந்தார். அரசுக் கொள்கைக்கு முதன்மை தந்த பள்ளியில் தனியாள் பணிக்கும் வலுவான இடம் அமைய இவருடைய வருகை உதவியது.

குடியேறியோரும் குற்றமும்

1920களில் குடியேறியோரே குற்றங்களுக்குக் காரணம் என்னும் குரல் அமெரிக்காவில் வலுத்திருந்தது. 1924-இல் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. இச்சூழலில், சட்ட அமலாக்கத்தை ஆராய அமைக்கப்பட்ட விக்கர்ஷாம் ஆணையம், வெளிநாட்டில் பிறந்தோரும் குற்றமும் என்னும் பொருள் பற்றி ஆராயும் பொறுப்பை எடித்திடம் ஒப்படைத்தது. 1931-இல் வெளியான அவ்வறிக்கை, மக்கள்தொகை விகிதத்தைக் கணக்கிட்டால் வெளிநாட்டில் பிறந்தோர் உள்நாட்டில் பிறந்தோரைவிட மிகுதியாகக் குற்றமிழைக்கவில்லை எனப் புள்ளிவிவரங்களுடன் நிறுவியது.

பெருமந்தமும் பொதுநல உதவியும்

1929-இல் தொடங்கிய பெருமந்தம் எடித்தின் வாதத்திற்குக் கடும் சோதனைக்களமாக அமைந்தது. தனியார் அறநிலையங்களின் நிதி விரைவில் தீர்ந்துபோனது. நகராட்சிகளும் மாநிலங்களும் தடுமாறின. வேலையிழந்தோர் தம் குறையால் வறியவரானவர் அல்லர். ஆகவே உதவி என்பது நன்கொடையாக அல்லாமல் உரிமையாக வழங்கப்பட வேண்டும், அதற்கு நடுவண் அரசே நிதி தர வேண்டும் என எடித் தொடர்ந்து எழுதினார். காலனி ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த ஏழையர் சட்டங்களை முற்றிலும் நீக்க வேண்டும் எனவும் வலியுறுத்தினார்.

1933-இல் தொடங்கப்பட்ட நடுவண் அவசர உதவி நிருவாகம் நாடெங்கும் பணியாளர்களைச் சேர்த்தது. அவர்களுள் பெரும்பாலோர் இத்துறையில் பயிற்சி இல்லாதவர்கள். எனவே 1934-இல் அந்நிருவாகம் தன் நிதியிலிருந்து பணியாளர்களைச் சமூகப்பணிப் பள்ளிகளுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அரசே செலவு செய்து பணியாளர்களை இத்துறையின் முதுநிலைக் கல்விக்கு அனுப்பியது எடித் வலியுறுத்திவந்த கருத்துக்குக் கிடைத்த ஏற்பாகக் கொள்ளலாம்.

கிரேஸ் அபொட் 1934-இல் சிறுவர் நலப் பணியகத்திலிருந்து விலகி, எடித்தின் பள்ளியில் பேராசிரியரானார். பொருளாதாரப் பாதுகாப்பு பற்றிய ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். முதியோர் உதவி, வேலையின்மைக் காப்பீடு, ஆதரவற்ற சிறுவர்க்கான உதவி ஆகியவற்றை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்ட் 14 அன்று நிறைவேறியது. எடித் இச்சட்டத்தை ஆதரித்தபோதிலும் அதன் குறைகளைச் சுட்டத் தயங்கவில்லை. நடுவண் அரசு நேரடி உதவியைக் கைவிட்டு, வேலைத் திட்டங்களில் இடம் கிடைக்காதவர்களை மாநிலங்களின் பொறுப்பில் விட முடிவு செய்ததை 1935-இல் வெளிப்படையாக எதிர்த்தார். முதியோர், சிறுவர் போன்ற வகைகளுள் அடங்காத வறியவர்கள் மீண்டும் பழைய ஏழையர் சட்டத்தின் கீழ் தள்ளப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் அத்தகையோருக்கான பொது உதவி மாநிலங்களையும் உள்ளூராட்சிகளையும் சார்ந்தே இருந்தது.

1936-இல் சிகாகோவின் குடியிருப்புகளைப் பற்றிய அவரது பெரு நூல் வெளிவந்தது. 1908 முதல் 1935 வரை மாணவர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய தகவல்கள் இதற்கு அடிப்படையாயின. அடுத்த ஆண்டில் எடித் தேசிய சமூகப்பணி மாநாட்டின் தலைவராகப் பொறுப்பு வகித்தார்.

முதுநிலைக் கல்வி மட்டும் போதுமா என்னும் கேள்வி

சமூகப்பணிப் பள்ளிகளின் அமெரிக்கக் கூட்டமைப்பு 1937-இல் ஒரு முடிவை எடுத்தது. அதன்படி 1939 முதல் ஏற்பிசைவு பெறவேண்டிய பள்ளிகள் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நடத்த வேண்டும். எடித் நீண்ட காலமாக வலியுறுத்திவந்த தரத்திற்கு இது அங்கீகாரமாக அமைந்தது.

ஆனால் இம்முடிவுக்கு எதிர்ப்பும் எழுந்தது. நடுமேற்கு, தென் பகுதிகளில் இருந்த பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் இளநிலை அளவிலேயே சமூகப்பணியைக் கற்பித்துவந்தன. சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் ஒவ்வொரு மாவட்டத்திலும் பொதுநல அலுவலகம் தேவைப்பட்டது. அத்தனை இடங்களுக்கும் முதுநிலைப் பட்டதாரிகள் கிடைப்பது அரிது. பெருநகரப் பல்கலைக்கழகத்தில் மேலும் இரண்டாண்டு படிக்கும் வசதி சிற்றூர் இளைஞர்களுக்கு இல்லை என அவர்கள் வாதிட்டனர். 1942-இல் தனிக் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவினர்.

எடித்தும் அத்தகைய சிற்றூர் ஒன்றிலிருந்து, பணமின்மையால் அஞ்சல்வழியில் படித்து வந்தவர்தாம். எனினும் தரத்தைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அரைகுறைப் பயிற்சி பெற்றவரை வறியவரிடம் அனுப்புவது, வறியவருக்கு அதுவே போதும் என எண்ணுவதற்கு ஒப்பாகும் என்பது அவருடைய கருத்து. இரு கூட்டமைப்புகளும் 1952-இல் இணைந்து சமூகப்பணிக் கல்வி மன்றமாக உருவெடுத்தன. அம்மன்றம் 1974-இல் இளநிலைப் படிப்புகளுக்கும் ஏற்பிசைவு வழங்கத் தொடங்கியது. இவ்வாறு, முழுமையான தொழிற்கல்வி முதுநிலையிலேயே அமைய வேண்டும் என்னும் எடித்தின் கருத்தும், நுழைவாயில் அகலமாக இருக்க வேண்டும் என்னும் எதிர்த்தரப்பின் கருத்தும் காலப்போக்கில் பகுதியளவில் நிலைபெற்றன.

திறனாய்வு

எடித் அபொட் அரசுக் கொள்கைக்கும் நிருவாகத்திற்கும் அளித்த முதன்மை சிலரால் விமரிசிக்கப்பட்டது. சமூகப்பணி என்பது முதலில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிகழும் உறவு என்பதை அவர் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்பது தனியாள் பணியை முதன்மைப்படுத்தியோரின் குறை. மறுபுறம், ஆய்வாளர் சீர்திருத்தத்தில் ஈடுபடாமல் விலகி நிற்க வேண்டும் என்னும் நோக்குடைய சமூகவியலாளர் சிலர், அவருடைய ஆய்வுகள் நடைமுறை நோக்கம் உடையன எனக் கருதினர். எடித் இதனைக் குறையாக ஏற்கவில்லை. மக்களின் துயரைப் பற்றிய ஆய்வு அத்துயரைக் குறைக்கப் பயன்பட வேண்டும், அவ்வாறு பயன்பட வேண்டுமானால் அது பிழையற்றதாக இருத்தல் இன்றியமையாதது என்பதே அவர் கொள்கை.

இறுதிக் காலம்

கிரேஸ் அபொட் 1939-இல் காலமானார். இவ்விழப்பு எடித்தைப் பெரிதும் பாதித்தது. 1942-இல் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் ஹெலன் ரைட் அப்பொறுப்பை ஏற்றார். ஓய்வுக்குப் பின்னும் எடித் ஆய்விதழின் ஆசிரியப் பணியைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். நெடுநாள் தோழியான பிரெக்கின்ரிட்ஜ் 1948-இல் மறைந்தார்.

தம் இறுதி ஆண்டுகளில் எடித் கிராண்ட் ஐலண்டில் இருந்த குடும்ப இல்லத்திற்குத் திரும்பினார். 1957 ஜூலை 28 அன்று நிமோனியாக் காய்ச்சலால் அங்கு காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் சொத்தின் பெரும்பகுதியை அவ்வூரின் பொது நூலகத்திற்கு விட்டுச் சென்றார். அந்நூலகம் பின்னாளில் பல ஆண்டுகள் எடித் அபொட் நினைவு நூலகம் என்னும் பெயரில் இயங்கியது.

அவர் உருவாக்கிய பள்ளி 2021-இல் கிரவுன் குடும்பச் சமூகப்பணி, கொள்கை, நடைமுறைப் பள்ளி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1927-இல் தொடங்கிய ஆய்விதழ் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து தொடர்ந்து வெளிவருகிறது.

முதன்மையான நூல்கள்

- தொழில்துறையில் பெண்கள் (1910)
- குற்றமிழைத்த சிறுவரும் இல்லமும் (1912, பிரெக்கின்ரிட்ஜுடன்)
- சிகாகோ பள்ளிகளில் வருகையின்மை (1917, பிரெக்கின்ரிட்ஜுடன்)
- குடியேற்றம்: தேர்ந்த ஆவணங்களும் பணிக்குறிப்புகளும் (1924)
- குடியேற்றச் சிக்கலின் வரலாற்றுக் கூறுகள் (1926)
- சமூக நலமும் தொழிற்கல்வியும் (1931, திருத்திய பதிப்பு 1942)
- சிகாகோவின் குடியிருப்புகள், 1908–1935 (1936)
- பொது உதவி (1940)